ஓர் உள்ளங்கை இடைவெளி

இந்த ஜெர்மனியில் லொறியில் சுமையைக் கட்டி முடித்ததும் அதைத் தட்டுகிறார்கள். இறுக்கிய நாடாவின் மேல் உள்ளங்கையால் இரண்டு தட்டு, பிறகு "தஸ் ஹெல்ட்" என்று ஒரு சொல். இது தாங்கும் என்று அர்த்தம். எதற்கும் அளவும் சட்டமும் வைத்திருக்கிற சனம், கடைசியில் மாட்டின் முதுகில் தட்டுவதுபோலத் தட்டி அனுப்புவதை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

ஹம் நகரத்துக்கு வெளியே ஒரு மரக்காலையில், பக்கச்சுவர் இல்லாத நீண்ட லொறிகளில் மரச்சட்டங்களை ஏற்றிக் கட்டுவதுதான் என் வேலை. ஊரில் இருக்கும் உங்களுக்கு லொறியில் சாமான் கட்டுவதென்றால் கயிறு, இரண்டு பேர், நிறைய ஏச்சு. இங்கே அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு, மேலே ஸ்பான்குர்ட் என்கிற அகலமான நாடா. அதன் கைப்பிடியை ஆட்ட ஆட்டப் பல்லுப் பல்லாக இறுகும். ஏச்சுக்கு வேலையே இல்லை. ஆனால் நான் சுமையைத் தட்டுவதில்லை, அந்தச் சொல்லைச் சொல்வதுமில்லை. மற்ற நாடாக்களை ஒழுங்காக இறுக்கிவிடுவேன். கடைசி நாடாவில் மட்டும், மரத்துக்கும் நாடாவுக்கும் இடையில் என் கை நுழைகிற அளவோடு நிறுத்திக்கொள்வேன். வேண்டுமென்று செய்வதல்ல. கை தானாகவே நின்றுவிடும்.

போன மாதம் அப்படி நான் கட்டிய லொறி ஒன்றை அவுட்டோபான் என்கிற பெருந்தெருவில் பொலிஸ் மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டது. கடைசி நாடா தளர்வாம். சாரதி கதவை அடித்துச் சாத்திக்கொண்டு இறங்கினான். எங்கள் வேலையை மேற்பார்க்கிற மைஸ்டர் யூர்கன் கத்துகிற ஆளல்ல. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, ஏன் இதை மட்டும் இப்படி விடுகிறாய் என்று கேட்டார். இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. வாய்க்கு வந்த ஜெர்மனில், "மூச்சுவிட" என்றேன். யூர்கன் மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "மூச்சா? அது செத்த மரமப்பா!" சிரித்து முடித்தபின், இன்னொரு லொறி இப்படித் திரும்பினால் இனி என்னைச் சுமை கட்ட விடமாட்டேன் என்றும் சொன்னார். நானும் சேர்ந்து சிரித்தேன். வேறென்ன செய்ய?

அந்த நாளில் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தைவிட்டுச் சனம் முழுவதும் வெளிக்கிட்டபோது, வயிற்றில் ஒப்பரேஷன் செய்து கிடந்த அம்மாவை ஆஸ்பத்திரியில் எங்கள் கையிலேயே தந்துவிட்டார்கள். உழவு இயந்திரப் பெட்டியில் நெல்மூட்டை, அதற்குமேல் மெத்தை, மெத்தையில் அம்மா. அவரால் பிடித்துக்கொண்டு இருக்கவும் ஏலாது. சாமான்களோடு சாமானாக அம்மாவையும் சேர்த்துக் கட்டினோம்.

"இறுக்கிக் கட்டடா, றோட்டெல்லாம் பள்ளமும் கிடங்கும்," என்று ஐயா, என் தகப்பனார், கீழே நின்று சத்தம் போட்டார்.

"தம்பி, நெஞ்சுக்குள்ளை இறுக்குது. கொஞ்சம் இளக்கிவிடு," என்றார் அம்மா.

நான் கயிற்றுக்கும் அவர் நெஞ்சுக்கும் இடையில் என் உள்ளங்கையை வைத்துக்கொண்டு முடிச்சுப் போட்டேன். "இப்ப மூச்சுவிட ஏலுதோ அம்மா?"

"ஓம், இது காணும்."

நாவற்குழிப் பாலத்தில் சனத்துக்குள் ஊர்ந்து, மழையில் நனைந்து, கொடிகாமத்தில் போய் நின்றோம். ஒரு முடிச்சும் இளகவில்லை. ஒரு மூட்டையும் சரியவில்லை. நான் விட்ட இடைவெளியும் அப்படியே இருந்தது. அம்மாதான் இல்லை. வழியில் எந்த இடத்தில் உயிர் போனது என்று எங்களுக்குத் தெரியாது. அந்த முடிச்சை அவிழ்க்க என் கை வரவில்லை. ஐயாதான் அவிழ்த்தார்.

யூர்கன் சொன்னதை வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு இந்தக் கதை தெரியும். சிரிக்கவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு எதிரே இருந்தாள்.

"எனக்கு விளங்குது. ஆனா அதுக்காக அந்த மரம் றோட்டிலை விழலாமோ? பின்னாலை வாற காரிலையும் ஒரு தாய் இருப்பாதானே. இறுக்கிக் கட்டுங்கோப்பா."

எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் வந்த கோபம்.

அடுத்த நாள் ஸ்டுட்கார்ட்டுக்குப் போகிற லொறி. யூர்கன் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். கடைசி நாடா வந்தது. வழக்கமான இடத்தில் கை நின்றது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு மறுபடி பிடித்தேன். ஒரு பல். இன்னொரு பல். மரம் முனகியது. இன்னும் ஒன்று. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். விரல் நுனிகூட நுழையவில்லை. கண் கலங்கிவிட்டது. மரத்தின்மேல் கையை வைத்தபடி, "கொஞ்சம் பொறுங்கோ அம்மா, போற இடம் கிட்டடிதான்," என்றேன்.

"என்ன சொன்னாய்?" என்று கேட்டார் யூர்கன்.

"தஸ் ஹெல்ட்," என்றேன்.

அவருக்குச் சந்தோஷம். ஒருவழியாக எங்களில் ஒருவனாகிவிட்டாய் என்பதுபோல என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். லொறி வாசலால் திரும்பி அவுட்டோபான் பக்கம் போனது. சுமை துளியும் அசையவில்லை. அது கண்ணுக்கு மறையும்வரை, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.