சைக்கிளில் மட்டும் ஓடிய கால்கள்

உண்ணாமலைக்கு முதலில் கோளாறு காட்டியது வலது கை. சோறு பிசையும்போது விரல்கள் தாமாக நடுங்கின. அடுத்த வருஷம் கால்களும் சேர்ந்துகொண்டன. நன்றாக நடந்து வருவாள். நிலைப்படி வந்ததும் பாதங்கள் தரையில் ஒட்டிக்கொள்ளும். போ என்று மனம் சொல்லும், கால் கேட்காது. அவசரப்பட்டு கணவர் பிச்சை முதுகில் கை வைத்துத் தள்ளினால் அப்படியே குப்புற விழுவாள்.

நடுக்குவாதம் என்றார் திருச்சி டாக்டர். முழுசாகக் குணமாகாது, மாத்திரையும் உடற்பயிற்சியும் கடைசிவரை வேண்டும் என்றார். மாத்திரையை ஒழுங்காக விழுங்கினாள். உடற்பயிற்சி என்ற சொல் மட்டும் கீரனூர் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மறந்துபோனது. பிச்சைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சீக்குக்காரியை அலுங்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் பெரிய அண்டாக்களை இறக்கி ஏற்றிய மனுஷிக்கு, தண்ணீரைக்கூட உட்கார்ந்த இடத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வருஷம் நாற்காலியிலேயே போனது. உடம்பு விறைத்தது. குரல் சன்னமாகி, பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காமல் போனது. தூக்கம் இல்லை. டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே காரணம் இல்லாமல் கண்ணீர் வடிந்தது.

மருமகள் தேவிப்ரியா திருச்சியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். லீவு நாள் ஒன்றில் மாமனாரிடம் கேட்காமலேயே ஆட்டோ பிடித்து, மாமியாரைக் கீரனூரில் புதிதாகத் திறந்திருந்த பிசியோதெரபி மையத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே இருந்தது ஷீபா என்ற இளம்பெண்.

அறை வாசலிலேயே உண்ணாமலையின் கால் நின்றுவிட்டது.

"வரமாட்டேங்குதும்மா," என்றாள், வெட்கத்தோடு.

ஷீபா தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை. தன் செருப்புக் காலை அவள் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைத்தாள். "இதத் தாண்டி வாங்க, பாப்போம்."

தாண்டியே வந்துவிட்டாள். உள்ளே மூலையில், நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள் ஒன்று இருந்தது. உண்ணாமலை அதையே பார்த்தாள்.

"சைக்கிள் ஓட்டுவீங்களாம்மா?"

"ஓட்டுவேன். எழுதப் படிக்கச் சொல்லிக்குடுக்க அறிவொளி இயக்கம் வந்தப்ப, அதோட சேத்துப் பழகுனது. அப்ப இங்கிட்டு பொம்பளைங்க எல்லாருமே பழகுனோம்ல."

இரண்டு பேரும் சேர்ந்து அவளை ஏற்றி உட்கார வைத்தார்கள். பெடலில் பாதம் பட்டதுதான் தாமதம், கால்கள் சுற்றத் தொடங்கின. இடறல் இல்லை, ஒட்டல் இல்லை. தேவிப்ரியா வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த நோயில் நடக்க முடியாத சிலருக்கு சைக்கிள் வரும், மூளை இரண்டையும் வேறு வேறு விதமாக நடத்துகிறது என்று ஷீபா விளக்கினாள். நோய் போகாது, ஆனால் உடம்பு இளகும், தூக்கம் வரும், மனசும் தெளியும் என்றாள். உண்ணாமலை காதில் வாங்கியது பாதிதான். அவள் மிதித்துக்கொண்டிருந்தாள்.

கோளாறு வீட்டில் நடந்தது. பிச்சை கடைத்தெருவுக்குப் போயிருந்த ஒரு காலையில், கொட்டகையில் கிடந்த தன் பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். ஏறினாள். தெரு கடந்து கண்மாய்க்கரை வரை சீராகவே போனாள். காற்று முகத்தில் அடித்தது. இறங்கத்தான் முடியவில்லை. பிரேக்கைப் பிடித்ததும் பழைய ஒட்டல் வந்துவிட்டது, ஊன்ற வேண்டிய கால் பெடலிலேயே இருந்தது. சைக்கிளோடு சாய்ந்து காட்டாமணக்குச் செடிக்குள் விழுந்தாள்.

முழங்கை சிராய்த்திருந்தது. எலும்பு தப்பியது.

"ஒனக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று, சேதி கேட்டு ஓடிவந்த பிச்சை ஊரே கேட்கக் கத்தினார். கத்தி முடித்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் துண்டால் துடைத்தார்.

"நல்லாத்தாங்க போனேன்," என்றாள் அவள். நெடுநாளுக்குப் பிறகு அந்தக் குரல் அவருக்குத் தெளிவாகக் கேட்டது.

ஷீபாவும் விடவில்லை, நன்றாகத் திட்டினாள். ரோட்டில் ஓட்டவே கூடாது என்றாள். ஆனால் சைக்கிளைப் பூட்டி வைக்கவும் சம்மதிக்கவில்லை. முற்றத்தில் ஸ்டாண்டு போட்டு, சுவரோரம் கயிற்றால் கட்டி, பின்சக்கரம் தரையில் படாமல் சுழலும்படி பிச்சையே நிறுத்தினார். காலையில் அவள் மிதிப்பாள், அவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு இருவரும் தெருவில் நடப்பார்கள். கால் நின்றால், ஷீபா காட்டியபடி தன் காலைக் குறுக்கே வைப்பார். வருவோர் போவோர் சிரித்தார்கள்; கொஞ்ச நாளில் சிரிப்பதையும் விட்டுவிட்டார்கள்.

நோய் நிற்கவில்லை. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். கை நடுக்கம் அப்படியே இருக்கிறது. ஆனால் உண்ணாமலை யார் உதவியும் இல்லாமல் படுக்கையில் புரண்டு படுக்கிறாள், விடியும்வரை தூங்குகிறாள், குழம்பில் உப்பு இல்லையென்றால் அடுப்படிக்குக் கேட்கும்படி சொல்கிறாள்.

போன மாசம் டாக்டரைப் பார்க்க தேவிப்ரியாவோடு திருச்சி பஸ்ஸில் ஏறும்போது முதல் படியிலேயே கால் நின்றது. பின்னால் கூட்டம் நெருக்கியது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

"செத்த இருங்க தம்பி," என்றாள் உண்ணாமலை, பதற்றமே இல்லாமல். "காலு வந்துரும்."

வந்தது. ஜன்னலோர இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.