பீக்கிங் பேச்சும் எங்கள் இஸ்தோப்பும்

எனக்குக் கல்யாணமாகி நோர்வூட் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்த வருஷம் அரிசிக்குப் பெரிய தட்டுப்பாடு. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயம் முழுக்கக் கோதுமை மாவு ரொட்டிதான். அப்போது கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் சீனாவுக்கு, பீக்கிங் பட்டணத்துக்குப் போய், ரப்பர் தருகிறோம், அரிசி தாருங்கள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

என் வீட்டுக்காரருக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. வரும்போது முஸ்லிம் நானா கடையில் முந்தின நாள் பேப்பரை வாங்கி வந்து, வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து அந்தச் செய்தியைச் சத்தமாகப் படிப்பார். கேட்க முதல் ஆளாக வந்து உட்காருவது அடுத்த காம்பரா வீட்டில் இருந்த அவருடைய அண்ணன் பெண்சாதி. அந்த அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஆனாலும் அடுப்படியை விட்டு வரமாட்டேன். ஆட்கள் முன்னால் எனக்கு வாய் வராது.

“என்னா கொழுந்தனாரே, சீனாக்காரன் இன்னைக்காவது மசிஞ்சானா?”

“எங்க மதினி! நீங்க போயிருந்தா ஒரே நாள்ல முடிச்சிருப்பீங்க.”

“நான் போனா அரிசியையும் வாங்கிக்கிட்டு ரப்பரையும் திருப்பிக் கொண்டாந்திருவேன்!”

அவர் குலுங்கிச் சிரிப்பார். என்னிடம் பேசுவதெல்லாம் “தண்ணி குடு புள்ள”, “வெளக்க ஏத்து”, அவ்வளவுதான். ஆனால் துறைமுகத்துச் சுங்க வரி என்றால் என்னவென்று அக்காவுக்கு மெனக்கெட்டு விளக்குவார். எனக்கு நெஞ்சு எரியும். அதில் ரொட்டியும் கருகும். கருகினதை அக்காவுக்குத்தான் கொடுப்பேன்.

சீனாக்காரர் சீக்கிரம் சரி சொல்ல வேண்டுமென்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். அரிசிக்காக இல்லை. பேச்சு முடிந்தால் அவள் தன் வீட்டில் இருப்பாளே.

ஒரு நாள் அக்கா காய்ச்சலில் படுத்துவிட்டாள். அன்றைக்குத்தான் கதவோரம் வந்து கேட்டேன்.

“ஏங்க, அரிசி வெல ஏறிப் போனா, அவங்க ரப்பருக்கும் கூட்டிக் குடுப்பாங்களா?”

அவர் பேப்பரைப் புரட்டிப் பார்த்தார். “அது இதுல போடல புள்ள” என்றார். ஆனால் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை.

மறுநாள் ஃபேக்டரிக் கிளாக்கரிடம் விசாரித்துக்கொண்டு வந்தார். காய்ச்சல் விட்ட அக்கா அதற்குள் பாயை விரித்து உட்கார்ந்திருந்தாள்.

“நேத்து எனக்கு ஒரு சந்தேகம் வந்திச்சி மதினி” என்று ஆரம்பித்தார். “வெல ஏறுனா என்னா செய்வாங்கன்னு. வருசா வருசம் ஒக்காந்து புதுசா பேசிக்குவாங்களாம்.”

வருஷா வருஷமா! அப்படியென்றால் இவள் இந்தப் பாயை விட்டு எழும்பவே மாட்டாளே. எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது.

“அது நான் கேட்டது” என்றேன்.

அவர் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். அக்காதான் கைதட்டிச் சிரித்தாள். “அடியாத்தி, இவளுக்கும் வாய் இருக்கே! வாடி, இப்படி ஒக்காரு” என்று நகர்ந்து இடம் விட்டாள்.

என் வாசலில் எனக்கு அவள் இடம் கொடுத்தாள். அதுவும் எரிச்சல்தான். இருந்தாலும் உட்கார்ந்தேன், இரண்டு பேருக்கும் நடுவில்.