கொடுத்தாச்சு

சூடாமணி மாமிக்கு வலியசாலையில் வீடு. தேர்தல் வந்துவிட்டால் என் ஒலிப்பதிவு அறைதான் வீடு. கட்சிக்காரர்கள் மலையாளத்தில் எழுதித் தருவதை, மலையோரத்துத் தமிழர்களுக்காகத் தமிழாக்கி, ஜீப் விளம்பரத்துக்குத் தானே பேசியும் தருவாள். இருபது வருஷமாக இதே கூத்து. எந்தக் கட்சி ஜெயித்தாலும் மாமிக்கு மிஞ்சுவது தொண்டைக்கட்டு. எனக்கும் அலுத்துவிட்டது. திரவியம் என்கிற எனக்கு, பொய்க்கு மைக் பிடிக்கிறவன் என்று ஊரில் பெயர்.

இந்த முறை சுனில் என்ற கட்சிக்காரன் கொண்டுவந்த தாளில், பொன்முடிப் பக்கத்து எஸ்டேட் லயத்து வரிசை அறைகளில் குடியிருக்கும் தொழிலாளிகளுக்கு வீடு 'அனுவதிச்சு' என்றிருந்தது. அனுமதி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. மலையாளப் பத்திரிகை படித்துப் படித்து மாமிக்கு அனுமதித்ததும் கொடுத்ததும் ஒன்றாகிவிட்டன. "வீடு கொடுத்தாச்சு" என்று கணீரென்று பேசிவிட்டாள். நானும் காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன், என்ன பிரயோஜனம்?

விளம்பரத்தின் கடைசியில் என் போன் நம்பர் உண்டு. ஜீப் கிளம்பிய மூன்றாம் நாள் லயத்திலிருந்து உலகம்மை என்ற தொழிலாளி கூப்பிட்டாள்.

"வீட்டுச் சாவி எங்க வாங்கணும்யா? நாளைக்கு லயத்து ரூமை எஸ்டேட்ல ஒப்படைக்கப் போறேன்."

பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. திருப்பிக் கூப்பிட்டும் கிடைக்கவில்லை, மலையில் டவர் அந்த லட்சணம். மாமியிடம் அப்படியே சொன்னேன். அவள் உடனே சுனிலுக்குப் போன் போட்டு, திருத்திப் பேசித் தருகிறேன் என்றாள்.

"மலையாளத்தில கரெக்டா இருக்கில்லே மாமி. கட்சி வக்கீல் அதைத்தான் பாத்தது. தமிழை ஆரு நோக்கும்? எலெக்‌ஷன் கழியட்டே" என்றான்.

"தமிழ்ல கேக்கறவா மனுஷா இல்லையாடா?" என்று மாமி போனை வைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் விதுராவில் பஸ் மாறி இருவரும் மலையேறினோம். உலகம்மையின் வாசலில் மூன்று மூட்டைகள். மாமி மூச்சு வாங்கிக்கொண்டே, "வீடு இன்னும் கட்டவே ஆரம்பிக்கலை. ரூமை விட்டுடாதேம்மா" என்றாள்.

அந்த நேரம் பார்த்தா ஜீப் வரவேண்டும். வளைவில் திரும்பி, மாமியின் குரலிலேயே, "வீடு கொடுத்தாச்சு" என்றது.

"அந்தம்மா கொடுத்தாச்சுங்காங்க. நீங்க இல்லைங்கீங்க. நான் யாரை நம்ப?" என்றாள் உலகம்மை.

"அதுவும் நான்தாம்மா."

உலகம்மை ஜீப்பைப் பார்த்தாள், மாமியைப் பார்த்தாள். "அப்போ மைக்குல சொன்னது பொய்யா?"

பொய்யில்லை, தவறிப்போன வார்த்தை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். மாமி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஆமாம், பொய்தான்" என்றாள்.

உலகம்மை கீழே உட்கார்ந்து மூட்டையை அவிழ்க்க ஆரம்பித்தாள்.