பூரணி எழுதிய நீள புரோகிராம்

குடியாத்தத்தில் செங்கல்வராயனைத் தெரியாதவர் யார்? மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர், ஒற்றைத் தறியில் தொடங்கி விசைத்தறிக் கொட்டகையே போட்ட மனுஷன். 1988-ல் நெசவாளர் தெருவிலேயே முதல் ஆளாக, மகள் பூரணியை வேலூருக்குக் கம்ப்யூட்டர் படிக்க அனுப்பியவரும் அவர்தான். மூச்சுவிட நேரமில்லாத மூன்று மாதப் படிப்பு.

தறியிலிருந்து இறங்கும் துணியின் நீளத்தை வைத்தே ஆளை எடைபோட்டுப் பழகியவர், மகளையும் அப்படியே அளந்தார்.

"இன்னிக்கு புரோகிராம் எவ்ளோ எழுதின?"

"ஒரு பக்கம், நைனா."

"இன்னாம்மா, கம்மியா இருக்கே!"

மறுநாளிலிருந்து பூரணி நீட்டி எழுதினாள். அவர் அந்தத் தாள்களைத் தெருவெல்லாம் காட்டினார்.

மாதக் கடைசியில் மகளோடு அவரும் வேலூருக்குப் போய் விசாரித்தார். ஆசிரியை கமலவேணி தயங்கினாள்.

"பத்து வரியில முடியறத ரெண்டு பக்கத்துக்கு இழுக்கறா, சார். எங்கயோ தப்பு, கம்ப்யூட்டர்ல ஓடவே மாட்டேங்குது. மத்தவங்க முன்னாடி போய்ட்டாங்க. வெள்ளிக்கிழமை பரீட்சையில ஒண்ணாவது ஓடணும். இல்லன்னா வெச்சுக்க முடியாது."

"நீளமாத்தானே எழுதறா, மேடம்?"

"நீளம் ஜாஸ்தியானா தப்பும் ஜாஸ்தி, சார்."

சத்தத்தை வைத்தே எந்தத் தறியில் இழை அறுந்தது என்று சொல்பவர், கையிலிருந்த மகளின் தாளை வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பும் பஸ்ஸில் மெல்லக் கேட்டார்: "ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"கம்மியா எழுதினா திட்றீங்களே, நைனா."

"இனிமே நீளம் கேக்கமாட்டேன். வெள்ளிக்கிழமைக்குள்ள ஓடிடுமா?"

"தெரியல, நைனா" என்று பூரணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.