சரண்யாதேவியின் கதாநாயகிகள்

கப்பலூரில் அட்டைப்பெட்டி கம்பெனியில் வேலை பார்க்கும் சரண்யாதேவி, கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் செல்போனில் தொடர்கதை எழுதுவாள். எல்லாம் காதல் கதைகள். வாசகிகள் நிறையப் பேர் உண்டு. அவர்களில் முதல் ஆள், ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் பாண்டிமீனா.

பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் ராஜகுமாரி வேடத்துக்கு டீச்சர் பாண்டிமீனாவைத்தான் கூப்பிட்டார். வசனம் பேசுவது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் மாட்டேன் என்றுவிட்டாள். டீச்சர் போனில் சொன்னதும் சரண்யாவுக்குக் கோபம் வந்தது.

"ஏண்டி, தானா வந்தத வேணாங்குற?"

"ராஜகுமாரி செவப்பாத்தானம்மா இருப்பா."

"எவ சொன்னா?"

"ஒன் கதையில அப்படித்தான இருக்கு. அதுல நம்மள மாதிரி கருப்பா இருக்கது, பாத்திரம் கழுவ வர்ற முனியாயி மட்டுந்தான்."

அப்படியா எழுதினோம்? சரண்யா பழைய கதைகளைத் திறந்து பார்த்தாள். பால் நிறம், சந்தன நிறம், வெட்கத்தில் சிவக்கும் கன்னம். அவள் கன்னம் ஒருநாளும் சிவந்ததில்லை. பிறந்து வளர்ந்த உசிலம்பட்டித் தெருவிலும் அப்படி ஒருத்தியைக் கண்ட நினைவில்லை. பிறகு யாரைப் பார்த்து இத்தனையும் எழுதினாள்?

மறுநாள் புதுக்கதை தொடங்கினாள். 'கருப்பாக இருந்தாலும் களையாக இருந்தாள்.' அந்த 'இருந்தாலும்' உறுத்தியது. தன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் சொன்ன அதே வார்த்தை. அழித்தாள். 'கருப்பாக இருந்தாள். அழகாக இருந்தாள்.' யாரோ இரண்டு பேரைப் பற்றிச் சொன்னதுபோல் இருந்தது. வேறு எதுவும் தோன்றாமல் அப்படியே வெளியிட்டாள். 'இவதான் ஹீரோயினா சிஸ்?' என்று ஒரு வாசகி கேட்டிருந்தாள்.

விழாவில் ராஜகுமாரியாக வேறொரு பிள்ளை வந்தது. பாதியில் வசனம் மறந்து விழித்தது. திரைக்குப் பின்னாலிருந்து பாண்டிமீனா அடியெடுத்துக் கொடுத்தாள். நாடகம் முடிந்து எல்லோரும் கைதட்டினார்கள். தானும் தட்டுவதா வேண்டாமா என்று சரண்யாவுக்குத் தெரியவில்லை.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் பாண்டிமீனா புதுக்கதையைப் படித்தாள்.

"இவள ஒனக்குப் புடிக்குமாம்மா?"

"புடிக்கும்டி."

"அப்ப ஏன் இம்புட்டு நாளா எழுதல?"

சரண்யா போனை வாங்கிப் பைக்குள் வைத்தாள். பிறகு கேட்டாள்: "அடுத்த வருசம் கூப்பிட்டா நடிப்பியா?"

பாண்டிமீனா யோசித்தாள்.

"தெரியலம்மா. அதுக்குள்ள நீ எப்படி எழுதுறன்னு பாப்போம்."