பச்சை பூத்த சுருமாக் கல்

தேங்காய்ப்பட்டணத்து முகம்மது ஹனீபா பர்மாவில், ஷான் மலைப்பக்கத்து ஈயச் சுரங்கம் ஒன்றில் கூடை சுமந்தார். ஊரில் சொன்னதோ, கல்லைப் பார்த்தே தரம் சொல்லும் பரிசோதகர் வேலை என்று. கூடை சுமப்பதில் என்ன கேவலமோ, மனிதருக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

அந்தச் சுரங்கத்தில் அபூர்வமாகச் சில கற்களின்மேல் இளம்பச்சையாக மாவு படிந்திருக்கும். நகத்தால் சுரண்டினாலே உதிரும். நிக்கலும் பாஷாணமும் சேர்ந்த கல்லில் காற்றும் ஈரமும் பட்டால் இப்படிப் பூக்கும், தணலில் போட்டால் வெள்ளைப்பூண்டு வாடை அடிக்கும், அதைத் தனியே ஒதுக்குங்கள் என்று நிஜப் பரிசோதகர் சுமையாட்களுக்குச் சொல்லியிருந்தார். ஹனீபா கேட்டு வைத்தார், அவ்வளவுதான்.

1934இல் தங்கை சுலைகா பீவியின் நிக்காஹுக்கு வரும்போது, சுருமாவுக்கென்று பளபளக்கும் கல் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் ஓரத்தில் அந்தப் பச்சை. மாப்பிள்ளை கண்ணுக்கு மையாக இடும் சுருமா பெண்வீட்டிலிருந்து போவது அவர்கள் வழக்கம். ஒரு துண்டைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, மீதியைப் பன்னீர் விட்டு அரைத்துத் தரும் கதீஜா உம்மாளிடம் கொண்டுபோனார்.

“இந்தப் பச்சை என்னது மக்கா? கழுவிக் களையட்டா?”

“வேண்டாம் மாமி. பச்சை நம்ம நிறமாக்கும், பரக்கத்து சேரும். கல்லு பாக்கியதுதானே எனக்க தொழிலு.”

சுற்றிலும் நாலு பேர் நின்றார்கள். தெரியாது என்று சொல்ல அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

நிக்காஹ் மஜ்லிஸில் மாப்பிள்ளை சைபுதீனின் கண்களில் தண்ணீர் வழிந்தது. கூட்டாளிகள் கேலி செய்தார்கள். குளச்சலில் தன் வீட்டுக்குப் பெண்ணை அழைத்துப்போன மறுநாள் அவருக்கு இமை திறக்கவே முடியவில்லை. கதீஜா உம்மாளின் குழவியில்தான் ஏதோ விஷம் ஒட்டியிருந்தது என்று மாப்பிள்ளை வீட்டார் முடிவு கட்டினார்கள்.

அரைத்தது போகத் திரும்பி வந்த கல்துண்டை ஹனீபா அடுப்புத் தணலில் போட்டார். பூண்டு வாடை குப்பென்று வந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மாள் வீட்டுத் தெருவை விட்டு வேறு வழியாக நடந்தார். இனி எந்தக் கல்யாணத்துக்கும் அவள் அரைக்கக் கூடாது என்று ஊரே பேசிய பிறகுதான், வெட்கம் பிடுங்கித் தின்ன, குளச்சலுக்குப் போனார்.

“மாமிமேல குத்தமில்ல. கல்லுல பாஷாணம் உண்டு. நான் பரிசோதகருமில்ல, கூடை சுமக்கியவன்,” என்றார் எல்லோர் முன்னிலையிலும்.

உள்ளேயிருந்து சுலைகா வந்து அண்ணன் முன் முக்காட்டை விலக்கினாள். இரண்டு இமையும் வீங்கிப் புண்ணாகியிருந்தன. உம்மாவைப் பிரிந்து அழுகிறாள் என்றே அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

“எனக்குள்ளத நானே அரச்சேன் காக்கா, நம்ம வீட்டுக் குழவியில. கண்ணக் காட்டினா கல்லுதான் குத்தம்னு ஆயிரும். உனக்குத்தானே கொறச்சல்?”

மாப்பிள்ளைக்கு வைத்தியத்தில் பார்வை திரும்பியது. மருந்தே போடாமல் மறைத்த சுலைகாவுக்கு இடது கண் போயிற்று. அதன்பின் தங்கையைப் பார்க்கப் போகும்போதெல்லாம், அவள் பார்வை எட்டாத இடது பக்கமாகவே ஹனீபா உட்கார்ந்தார்.