இடது பக்கத்துப் படம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். சொல்கிறவர்கள் எண்ணூர் ரோட்டில் ஒரு கன்டெய்னர் யார்டின் கேட்டில் எட்டு வருடம் நின்று பார்க்கட்டும். அவர்கள் வாயும் தானாக நீளும்.

சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் பெட்டிகள் வந்து சேரும் யார்டு அது. டிரெய்லர் கேட்டில் நின்றதும் நான் பெட்டியைச் சுற்றி வருவேன். எங்கே நசுங்கல், எங்கே கிழிசல் என்று சீட்டில் எழுதுவேன். டிரைவர் அதில் கையெழுத்துப் போடுவார். ஒவ்வொரு பெட்டிக்கும் ஆறு படம். கேட்டைத் தாண்டி உள்ளே போன பிறகு பெட்டிக்கு எது நடந்தாலும் அது யார்டின் பொறுப்பு. உள்ளே வருவதற்கு முன்பே கிழிந்திருந்தால் டிரைவரின் பாடு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது என் சீட்டும் என் படமும்தான்.

படம் எடுப்பது என் சொந்தப் போனில். அது ஒரே வாரத்தில் நிரம்பிவிடும். படங்களைக் கண்ணுக்குத் தெரியாத எங்கோ ஓர் இடத்தில் கொண்டுபோய் வைக்க எனக்கு மனசு வரவில்லை. நம் பொருள் நம் வீட்டில் இருந்தால்தான் நமக்குத் தூக்கம் வரும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீடியோ பார்த்து ஒரு ஏற்பாடு செய்தேன். என் போனில் ‘கேட்’ என்று ஒரு ஃபோல்டர். அதே ஃபோல்டர் யார்டு கம்ப்யூட்டரிலும், தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இருக்கும். போனில் எடுக்கிற படம் நெட் வழியாகத் தானாக இரண்டுக்கும் போய்விடும். எவன் உதவியும் இல்லாமல் நானே செய்தேன் என்று ஒரு வாரம் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

வீட்டுக் கம்ப்யூட்டர் பகலில் அணைந்துதான் இருக்கும். என் வீட்டுக்காரருக்கு ஐஸ் ஃபேக்டரியில் ராத்திரி ஷிப்ட், பகலில் போனைச் சைலன்ட்டில் போட்டுத் தூங்குவார். அதனால் எங்களுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தோம். என்னிடமிருந்து இரண்டு மிஸ்டு கால் இருந்தால், எழுந்ததும் அவர் சிஸ்டத்தைப் போட வேண்டும், படங்கள் போய்ச் சேர. திரும்பக் கூப்பிட வேண்டியதில்லை. ஒரு தடவைகூட அவர் அதை மறந்ததில்லை.

சனிக்கிழமை மதியம் நான் போனைக் காலி செய்வேன். அந்த ஃபோல்டரில் உள்ள எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டு, குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிடுவேன். படங்கள்தான் இரண்டு இடத்தில் பத்திரமாக இருக்கின்றனவே. டிரெய்லர் பெட்டியை யார்டில் இறக்கிவிட்டுக் காலியாகப் போகிறது, அதனால் யார்டில் இருக்கிற பெட்டி மாயமாகவா போகிறது? என் புத்தி அப்படித்தான் ஓடியது. கேட்டில் நின்றே பழகிய புத்திக்கு வேறு எப்படி ஓடத் தெரியும்?

அந்த வாரம் புதன்கிழமை கேட்டில் பயங்கர நெரிசல். எர்ணாவூர் வரைக்கும் வண்டிகள் நின்றன. அப்படிப்பட்ட நாளில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சீட்டை நிரப்ப மாட்டோம். பெட்டி நம்பரை மட்டும் எழுதி, ‘படம் பார்க்க’ என்று ஓரத்தில் போட்டு, டிரைவரிடம் வெறும் சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே விட்டுவிடுவோம். பிறகு படத்தைப் பார்த்து நிரப்பிக்கொள்ளலாம். பல சீட்டு நிரப்பப்படாமலேயே கட்டோடு அலமாரிக்குப் போய்விடும். யாரும் கேட்டதில்லை.

அன்று ஒரு டிரைவரோடு எனக்குச் சண்டை. ஐம்பது வயதிருக்கும் அவருக்கு, வியாசர்பாடிக்காரர். பெட்டியின் இடது பக்கம் மதில் சுவரை ஒட்டி நின்றதால் படம் எடுக்க முடியவில்லை. வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னேன். பின்னால் பத்து வண்டி ஹாரன் அடித்தது.

“இன்னாம்மா பேஜாரு பண்ணிக்கினு கீற. எல்லாம் நல்லாத்தான் கீது, வுடும்மா.”

“நல்லா இருக்கான்னு நான் பாத்துச் சொல்றேன். நீ வண்டிய எடுய்யா.”

முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். இடது பக்கத்தை நன்றாகப் பார்த்தேன். நீல வண்ணம், பழைய துரு, அடிப்பக்கம் லேசான நசுங்கல். கிழிசல் இல்லை. படம் எடுத்தேன். ‘படம் பார்க்க’ என்று எழுதி அனுப்பினேன். அவரைக் கண்ணை மூடிக்கொண்டு விட்டிருந்தால் எனக்கு இந்தக் கதையே இல்லை.

சனிக்கிழமை ஒன்றரை மணிக்கு யார்டு இன்சார்ஜ் என்னைக் கூப்பிட்டார். அந்த நீலப் பெட்டியின் இடது பக்கத்தில் கை நுழைகிற அளவுக்குக் கிழிசல். பெட்டியை அடுக்கும் கிரேனின் ஆபரேட்டர், வரும்போதே அப்படித்தான் வந்தது என்கிறாராம்.

“படம் எடுத்திருப்பீங்கல்ல? அஞ்சு மணிக்குள்ள பெட்டிக் கம்பெனிக்கு அனுப்பணும். படம் இல்லேன்னா டிரைவர் மேலதான் போடணும். பேரும் லைசென்ஸ் நம்பரும் எல்லா யார்டுக்கும் போயிடும்.”

அப்படிப் போனால் என்ன ஆகும் என்று இந்த ரோட்டில் எல்லோருக்கும் தெரியும். மீஞ்சூரிலிருந்து ராயபுரம் வரை எந்தக் கேட்டிலும் அந்த ஆளை உள்ளே விட மாட்டார்கள். கேட்டுக்குள் போக முடியாத டிரைவரை எந்த முதலாளி வைத்துக்கொள்வான்? அந்த வயதில் அவர் வேறு எந்த வேலைக்குப் போவார்?

அவரை ஏற்கெனவே வரவழைத்திருந்தார்கள். ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்தது.

“எம்மா, நீதான அன்னிக்கு ரிவர்ஸ் எட்க்க சொன்ன. அந்த லெப்ட்டு சைடு படத்த சாருக்குக் காட்டு. மேட்டரு முடிஞ்சிது.”

“இரு அண்ணே, ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு யார்டு கம்ப்யூட்டரில் ஃபோல்டரைத் திறந்தேன். ஒன்றுமே இல்லை. புதன்கிழமைப் படங்கள் மட்டுமல்ல, ஒரு படமும் இல்லை. போன மாதத்தில் தேடினேன். அதற்கு முந்திய மாதத்தில் தேடினேன். மூன்று இடத்திலும் ஒரே ஃபோல்டர் என்று நானே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, ஒரு இடத்தில் அழித்தால் மூன்றிலும் அழியும் என்று என் மரமண்டைக்கு எட்டவில்லை. அழித்ததைத் தனியாக எடுத்துவைக்கவா என்று அந்த ஆப் முதல் நாளே கேட்டது. இடம் அடைக்கும் என்று ‘வேண்டாம்’ போட்டதும் நான்தான். வாராவாரம் என் கையாலேயே எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கேட் கேமராவோ உப்புக் காற்றில் கண் போய் எத்தனையோ நாளாகிறது.

அப்போதுதான் வீட்டுக் கம்ப்யூட்டர் நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் படங்களை வாங்கிக்கொண்டு அணைந்தது. நான் அழித்தது சற்று முன், சனிக்கிழமை மதியம். அதற்கு இன்னும் விஷயம் தெரியாது. தெரியாதவரை படங்கள் அதில் இருக்கும். அதைப் போட்டு, நெட் கிடைத்தால், அந்த நொடியே அதுவும் அழிக்க ஆரம்பித்துவிடும்.

நெட் வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் அதைப் போட வேண்டும். அதை வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். பையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடி, கை காட்டி ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டே கூப்பிட்டேன். துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் இடது பக்கத்தை முழுக்க அடைத்து நின்றன. ஆட்டோ நகரவே இல்லை. திருவொற்றியூருக்கு வருவதற்குள் பதினோரு தடவை கூப்பிட்டிருப்பேன். எழுந்து தொலையக் கூடாதா என்று வாய்விட்டே திட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா மீன் கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

தேரடி தாண்டும்போது அவரே கூப்பிட்டார்.

“இன்னா அவசரம்? இத்தினி மிஸ்டு காலு. கண்ணு முழிச்சதும் சிஸ்டத்தப் போட்டுட்டேன். சுத்திக்கினு கீது.”

ஆட்டோவே திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

“வயரப் புடுங்கு. அந்த நெட்டு பொட்டி வயரப் புடுங்கு, எல்லாத்தையும் புடுங்கு.”

ஏதோ விழுகிற சத்தம். “புடுங்கிட்டேன்” என்றார். என் மனுஷன் மேல் என்ன தப்பு? நான் போட்ட கணக்கைத்தானே அவர் செய்தார்.

வீட்டுக்கு ஓடிப் போய்ப் பார்த்தேன். ஃபோல்டரில் நாற்பதோ ஐம்பதோ படம் மிச்சம் இருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாம் வெள்ளிக்கிழமைப் பெட்டிகள். புதன்கிழமை மொத்தமும் போயிருந்தது. தெருமுனையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவரிடம் போனில் கேட்டேன். விட்டுட்டுப் போங்க, ரெண்டு நாள் ஆகும், கிடைக்கும்னு சொல்ல முடியாது என்றார். மணி மூன்றே முக்கால்.

“நான் இன்னா பண்ணிட்டேன்?” என்று வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். “நீ ஒண்ணும் பண்ணல” என்று சொல்லிவிட்டு மறுபடி ஆட்டோ பிடித்தேன்.

திரும்பும் வழியில்தான் உறைத்தது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அழித்த சேதியைச் சொல்லக்கூடியவை இரண்டுதான். என் போன், யார்டு கம்ப்யூட்டர். போனில் நெட்டை அணைத்து, யார்டு கம்ப்யூட்டரின் வயரை உருவியிருந்தால் போதும். அதன் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன். வயர் என் முழங்காலுக்குப் பக்கத்தில் தொங்கியது. அதை விட்டுவிட்டுத் தண்டையார்பேட்டைக்கு ஓடினேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

நான் யார்டுக்குள் நுழையும்போது ஐந்துக்கு இருபது நிமிஷம். டிரைவர் அதே இடத்தில் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

இன்சார்ஜ் கதவைச் சாத்தச் சொன்னார். படம் இல்லை என்றேன். அவர் அலமாரியிலிருந்து புதன்கிழமைச் சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். மேலே பெட்டி நம்பர். ஓரத்தில் என் எழுத்தில் ‘படம் பார்க்க’. கீழே டிரைவரின் கோணல் கையெழுத்து. நடுவில் ஒன்றுமில்லை.

“இடம் காலியாத்தானே இருக்கு. இடது பக்கம் கிழிசல்னு எழுதிடுங்க. அவர் கையெழுத்து கீழ இருக்கு. உங்களுக்கும் பிரச்சினை இல்ல, யார்டுக்கும் இல்ல.”

நான் உத்தமி என்று சொல்ல வரவில்லை. பேனாவைக் கையில் எடுத்தேன். என் வேலை போனால் வீட்டில் என்ன ஆகும் என்று மடமடவென்று மனதில் ஓடியது. படத்தை அழித்தது நான் என்று தெரிந்தால் என்னை யார் கேட்டில் நிறுத்துவார்கள்? இரண்டு வார்த்தை. யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அந்த நீலப் பெட்டியைச் சுற்றி நடந்தவள் நான். அந்தப் பக்கத்தைப் பார்த்தே தீருவேன் என்று வண்டியை நகர்த்த வைத்தவள் நான். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எழுத என் கை வரவில்லை. காலியாக இருந்த நடுவில் எழுதினேன். ‘இடது பக்கம் கிழிசல் இல்லை. துரு, சிறு நசுங்கல் மட்டும். நேரில் பார்த்தேன். படங்களை அழித்தது நான்.’ தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்டேன்.

“இத அனுப்பினா உங்க வேலையும் சேந்துதான் போகும்” என்றார் இன்சார்ஜ்.

“அனுப்புங்க சார். இப்பவே என் முன்னால அனுப்புங்க.”

அவர் சீட்டைப் படம் பிடித்து அனுப்பினார். ஐந்தேகாலுக்குக் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. பெட்டியைத் தங்கள் ஆள் வந்து பார்ப்பார், அதுவரை டிரைவரின் பெயரை எங்கேயும் அனுப்ப வேண்டாம். என்னைப் பற்றி இன்சார்ஜ் சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து கேட்டுக்கு வேறு ஆள், நான் உள்ளே ஃபைல் கட்ட வேண்டும், விசாரணை முடியும்வரை.

வெளியே வந்து டிரைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. சீட்டின் நகலையும் கொடுத்தேன். மனிதர் ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். என் வேலையையே பணயம் வைத்துவிட்டு வந்திருக்கிறேனே.

அவர் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“நான் ஒரு தப்பும் பண்லம்மா” என்றார். குரலை உயர்த்தவேயில்லை. “மத்தியானத்துலர்ந்து திருடன் மாரி இந்த வாசல்ல நிக்கிறேன். போறவன் வர்றவன்லாம் பாத்துக்கினு போறான். நீ இப்ப எழுதிக் குடுத்துக்கிற, சரி. ஆனா என்ன இங்க நிக்க வெச்சதே நீதானே.”

செருப்பை மாட்டிக்கொண்டு அவர் கேட்டை நோக்கி நடந்தார். நான் முன்னால் ஓடிப் போய் அவருக்குக் கேட்டைத் திறந்துவிட்டேன்.